காத்திருப்போர் எதன்மேல் நிற்பது? அட்வென்டிஸ்ட் இறையியல் ஆய்வுகளும் கிறிஸ்தவ ஆன்மிகமும்

ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைப் பற்றிய ஆய்வு கடந்த ஐம்பது ஆண்டுகளில் வியக்கத்தக்க அளவு வளர்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் அமெரிக்க மதப்பிரிவுகளைப் பற்றிய நூல்களில் அடிக்குறிப்பாக மட்டும் இடம்பெற்ற இயக்கத்துக்கு 2024இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் தனியாகவே ஒரு பெருங்கையேடு வெளியிட்டது. ஆனால் இந்த ஆய்வுகள் மூன்று தனித்தனி வழிகளில் போகின்றன. வரலாற்றாசிரியர்கள் கடிதங்களையும் நடவடிக்கைக் குறிப்புகளையும் தேடிப் படிக்கிறார்கள். இறையியலாளர்கள் கோட்பாடுகளைச் சோதிக்கிறார்கள். ஜெபம், தியானம், ஓய்வு ஆகியவற்றைப் பற்றி எழுதுவோர் முதல் இரு சாராரையும் அதிகம் பொருட்படுத்துவதில்லை. இந்தப் பிரிவினை இத்துறைக்குப் பொருந்தாது என்பதே என் வாதம். அட்வென்டிஸ்டுகள் நூற்றெண்பது ஆண்டுகளாக நடத்திவந்த பெரிய கோட்பாட்டு விவாதங்களின் அடியில் ஓர் ஆன்மிகக் கேள்வி இருக்கிறது: ஆண்டவரின் வருகைக்காகக் காத்திருக்கும் விசுவாசி, அந்தக் காத்திருப்பில் எதன்மேல் காலூன்றி நிற்பது?

தொடக்கத்திலேயே இந்தக் கேள்வி தெரிகிறது. நியூயார்க் மாநிலத்தின் பாப்டிஸ்ட் விவசாயியான வில்லியம் மில்லர், தானியேல் 8:14இல் வரும் 2300 நாட்களை ஆண்டுகளாகக் கணக்கிட்டு, கிறிஸ்துவின் வருகை 1843ஐ ஒட்டி நிகழும் என்று போதித்தார். அந்தக் கணக்கைத் திருத்திய சாமுவேல் ஸ்னோ 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார். நாள் கடந்தது, ஆண்டவர் வரவில்லை. கலைந்துபோனவர்களே அதிகம். ஹைரம் எட்சன், குரோசியர் முதலிய சிலர் மட்டும் எபிரெயர் நிருபத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, நாள் சரி, எதிர்பார்த்த நிகழ்ச்சிதான் தவறு என்றார்கள். சுத்திகரிக்கப்பட வேண்டிய பரிசுத்தஸ்தலம் பூமியில் இல்லை, பரலோகத்தில் இருக்கிறது. அங்கே பிரதான ஆசாரியராகிய கிறிஸ்து தம் ஊழியத்தின் இறுதிக் கட்டத்துக்குள் நுழைந்தார் என்பது அவர்கள் கண்ட விடை. இது தோல்வியை மறைக்கும் சமாதானம் என்பது பழைய குற்றச்சாட்டு. 1956இல் சமூக உளவியலாளர் ஃபெஸ்டிங்கரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட நூல், நிறைவேறாத தீர்க்கதரிசனத்தைக் கைவிடாத கூட்டங்களுக்கு மில்லரின் இயக்கத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டது. அந்த விளக்கத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு குழு ஏன் கலையாமல் நின்றது என்பதைத்தான் அது சொல்கிறது. நின்ற குழு ஏன் இந்த வடிவத்தை எடுத்தது என்று சொல்வதில்லை. மில்லரைப் பின்பற்றியவர்களில் மறுபடியும் மறுபடியும் புதுத் தேதி குறித்தவர்களும் உண்டு. இவர்களோ காலப்போக்கில் தேதியை விட்டு ஆசாரியரிடம் வந்தார்கள். ராஜாவை எதிர்பார்த்தவர்கள் பரிந்துபேசுகிறவரைக் கண்டார்கள். இதை விளக்க மனோதத்துவம் மட்டும் போதாது. ஜெபிக்கிறவர்களின் தேவையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எனினும் அந்தக் கோட்பாட்டுக்கு இரண்டு முகங்கள் இருந்தன. பரிந்துபேசும் ஆசாரியர் ஆறுதல் தருகிறார். அதே பரிசுத்தஸ்தலத்தில் விசுவாசிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக விசாரிக்கப்படுகின்றன என்ற ‘விசாரணை நியாயத்தீர்ப்பு’ப் போதனை அச்சத்தையும் தருகிறது. என் பெயர் எப்போது வரும், அந்த நேரத்தில் நான் எந்த நிலையில் இருப்பேன் என்று ஒருவர் நடுங்கினால், அவர் காலூன்றும் இடம் கிறிஸ்துவின் செயலிலிருந்து நழுவித் தம்முடைய செயலுக்கு வந்துவிடுகிறது. 1888இல் மினியாபோலிஸில் கூடிய பொது மாநாட்டில் வெடித்தது இதுதான். கலாத்தியர் நிருபத்தில் வரும் நியாயப்பிரமாணம் எது, தானியேல் 7இன் பத்துக் கொம்புகள் எவை என்பவை மேற்பரப்பில் நடந்த விவாதங்கள். ஜோன்ஸ், வாகனர் என்ற இரு இளைஞர்கள் விசுவாசத்தினால் வரும் நீதியை முன்வைத்தபோது மூத்த தலைவர்கள் பலர் எதிர்த்தார்கள். சபை தீர்க்கதரிசியாக மதித்த எலன் ஒயிட் அம்மையார் இளைஞர்கள் பக்கம் நின்றார். அவர் 1892இல் வெளியிட்ட ‘ஸ்டெப்ஸ் டு கிறைஸ்ட்’ என்ற சிறுநூலை அச்சிட்டது அட்வென்டிஸ்ட் அல்லாத ஃபிளெமிங் ரெவெல் பதிப்பகம். மனந்திரும்புதல், அறிக்கை, ஒப்புக்கொடுத்தல், ஜெபம் என்று படிப்படியாகச் செல்லும் அந்நூலில் விசாரணை நியாயத்தீர்ப்பு முன்னால் வந்து நிற்பதில்லை. 1888இன் கோட்பாட்டு விவாதத்துக்குச் சபை பெற்ற மிக நீடித்த பதில் ஒரு பக்தி நூலாக அமைந்தது தற்செயல் என்று நான் கருதவில்லை.

இருபதாம் நூற்றாண்டிலும் இதே கதைதான். அட்வென்டிஸ்ட் இறையியலாளர் ஆண்ட்ரியாசன் தம் பரிசுத்தஸ்தல நூலின் கடைசி அதிகாரத்தில், முடிவுகாலத்தில் வாழும் ஒரு தலைமுறை பாவத்தை முற்றிலும் வென்று தேவனுடைய நியாயத்தை அண்டசராசரத்தின் முன் நிலைநாட்டும் என்று எழுதினார். 1957இல் சபைத் தலைமை வெளியிட்ட ‘குவெஸ்டியன்ஸ் ஆன் டாக்ட்ரின்’, பாவநிவிர்த்திக்கான பலி சிலுவையிலேயே முழுமையாக நிறைவேறியது, பரலோகத்தில் அதன் பலன்கள் வழங்கப்படுகின்றன என்று விளக்கியபோது, ஆண்ட்ரியாசன் கடுமையாக எதிர்த்தார். 2018இல் மோஸ்கலாவும் ஜான் பெக்கமும் பதிப்பித்த ‘காட்ஸ் கேரக்டர் அண்ட் தி லாஸ்ட் ஜெனரேஷன்’ கடைசித் தலைமுறை பற்றிய ஆண்ட்ரியாசனின் போதனையை வேதாகம அடிப்படையில் மறுத்து, தேவனுடைய நியாயத்தை நிலைநாட்டுகிறவர் கிறிஸ்துவே என்று வாதிடுகிறது. அந்த மறுப்பு எனக்கு ஏற்புடையது. ஆனால் இந்தப் போதனை அத்தனை தலைமுறை விசுவாசிகளை ஏன் ஈர்த்தது என்பதற்குக் கோட்பாட்டு மறுப்பில் விடை கிடையாது. காத்திருப்பு நீளும்போது, காத்திருப்பவர் தம் வாழ்வுக்கு ஒரு பயன் கேட்கிறார். நாம் பரிசுத்தமானால் அவர் வருவார் என்ற போதனை அந்த ஏக்கத்துக்கு வேலை கொடுத்தது. தவறான இடத்தில் கொடுத்தது என்று சொல்வதோடு நின்றால், அந்த ஏக்கத்துக்கு நாம் பதில் சொன்னவர்கள் ஆகமாட்டோம்.

1980இல் கொலராடோவின் கிளேசியர் வியூவில் நடந்த விசாரணையையும் இவ்விதமே படிக்க வேண்டும். ஆஸ்திரேலிய அட்வென்டிஸ்ட் இறையியலாளரான டெஸ்மண்ட் ஃபோர்ட், தானியேல் 8:14ஐ லேவியராகமம் 16இன் பாவநிவிர்த்தி நாளோடும் 1844ஓடும் இணைக்கும் விளக்கத்தில் உள்ள சிக்கல்களை ஆயிரம் பக்கத்தை எட்டும் ஆவணத்தில் எடுத்துவைத்தார். கூட்டத்துக்குப் பின் அவர் ஊழியப் பொறுப்பை இழந்தார். சபை தன் விளக்கத்தைக் காத்து, 1982 முதல் 1992 வரை ஏழு தொகுதிகளில் ஆய்வுகளை வெளியிட்டது. எபிரேயச் சொற்களின் பொருளும், ஒரு நாளுக்கு ஓர் ஆண்டு என்ற விதியும் அவற்றில் விரிவாக ஆராயப்பட்டன. அந்த உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஃபோர்டின் சொற்பொழிவுகளுக்குக் கூட்டம் திரண்டதற்குக் காரணம் எபிரேய இலக்கணம் மட்டுமல்ல. இரட்சிப்பின் நிச்சயம் கேட்டு வந்தவர்களே அதிகம். ஏழு தொகுதிகள் பதில் சொன்ன கேள்வியும், கூடியிருந்தவர்கள் கேட்ட கேள்வியும் வேறு வேறாக இருந்தன.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு எழும். எலன் ஒயிட் அம்மையாரைப் பற்றிய நவீன வரலாற்றாய்வு பக்தியை வளர்த்ததா, குலைத்ததா என்று கேட்பார்கள். ரொனால்டு நம்பர்ஸ் 1976இல் வெளியிட்ட நூல், அம்மையாரின் சுகாதாரப் போதனைகள் அக்காலச் சீர்திருத்த எழுத்தாளர்களை எவ்வளவு ஒட்டியவை என்று காட்டியது. ஃபிரெட் வெல்ட்மன் சபையின் வேண்டுகோளின்படி அம்மையாரின் ‘டிசயர் ஆஃப் ஏஜஸ்’ நூலின் பதினைந்து அதிகாரங்களை ஆராய்ந்து, வாக்கியங்களில் ஏறத்தாழ 31 விழுக்காடு பிற நூல்களை ஏதோ ஓர் அளவில் சார்ந்திருப்பதாக 1988இல் அறிக்கை தந்தார். 1919இல் நடந்த வேதாகம மாநாட்டின் குறிப்புகள் 1970களில் கண்டெடுக்கப்பட்டு அச்சேறியபோது, அம்மையாரோடு பழகிய தலைவர்களே அவர் எழுத்துகளைப் பிழையற்றவை என்று கருதவில்லை எனத் தெரிந்தது. விசுவாசிகளுக்கு இவை அதிர்ச்சி தந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த ஆய்வுகள் எதைக் குலைத்தன என்று நுணுகிப் பார்க்க வேண்டும். பரலோகம் சொல்லச் சொல்ல எழுதியவர் என்ற, மாநாட்டில் கூடிய தலைவர்களே ஏற்காத பிம்பத்தைத்தான் குலைத்தன. அதே ஆய்வுகள், போர்ட்லண்டில் மெதடிஸ்டுக் குடும்பத்தில் வளர்ந்து, பரிசுத்த வாழ்வைத் தேடிய வெஸ்லியின் மரபில் தோய்ந்து, அதே மரபின் மொழியில் ஜெபித்த ஒரு பெண்ணை மீட்டுத் தந்தன. 2014இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட ‘எலன் ஹார்மன் ஒயிட்’ கட்டுரைத் தொகுப்பைப் படிப்பவர், அட்வென்டிஸ்ட் பக்தி கிறிஸ்தவ ஆன்மிகத்தின் பெருமரபிலிருந்து தனித்து முளைக்கவில்லை என்பதைக் காண்பார். நிற்கும் தரையை இந்த ஆய்வு அகலப்படுத்தியிருக்கிறது.

ஓய்வுநாள் ஆய்வில் இதே நகர்வு இன்னும் தெளிவு. 1846இல் கப்பல் தலைவர் ஜோசப் பேட்ஸ் ஏழாம் நாளைப் பற்றித் துண்டுநூல் எழுதியதிலிருந்து, அது கடைசிக்காலச் சோதனையின் அடையாளமாகவே பெரிதும் போதிக்கப்பட்டது. ரோமின் கிரெகோரியன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பாக்கியோக்கி, ஞாயிறு ஆராதனை இரண்டாம் நூற்றாண்டு ரோமில் நிலைபெற்றது என்று 1977இல் வாதிட்டார். கார்சன் பதிப்பித்த தொகுதி 1982இல் அதை எதிர்த்தது. அதுவரை விவாதம் எந்த நாள் என்பதைச் சுற்றியே இருந்தது. 2009இல் சிக்வே டொன்ஸ்டாட் எழுதிய நூலோ, ஏழாம் நாளை மனிதரின் கீழ்ப்படிதலுக்கான சோதனை என்பதைவிட, தம் படைப்பின்மேல் தேவன் காட்டும் உண்மையின் அடையாளமாகப் படிக்கிறது. வெள்ளி மாலை சூரியன் அடையும்போது வேலையை நிறுத்துகிறவர், தம் உழைப்பு முடியாமலேயே நிறுத்துகிறார். முடிக்காததை விட்டுவிட்டு இன்னொருவர் முடித்ததில் இளைப்பாறுவதே விசுவாசத்தினால் வரும் நீதி. ஆண்ட்ரியாசனை ஈர்த்த ஏக்கத்துக்கும், கிளேசியர் வியூவுக்குப் பின் மிஞ்சிய அச்சத்துக்கும் வாரந்தோறும் கிடைக்கும் விடை இதுவே. இதைக் கோட்பாட்டு நூல்கள் சொல்லும் முன்பே ஓய்வுநாளைக் கைக்கொள்ளுதல் கற்றுக்கொடுத்துவிட்டது.

ஆன்மிகப் பயிற்சி என்று பேசத் தொடங்கினால், அட்வென்டிஸ்ட் அல்லாத துறவற மரபுகளும் மறைஞானமும் பின்வாசல் வழியாக நுழைந்துவிடும் என்பது அடுத்த மறுப்பு. 2010இல் அட்லாண்டாவில் பொது மாநாட்டுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டெட் வில்சன் தம் பிரசங்கத்தில் இந்த எச்சரிக்கையைத் தந்தார். மனதை வெறுமையாக்கும் ஜெபமுறைகள் வேதவசனத்தை ஓரங்கட்டக்கூடும் என்ற கவலை நியாயமானதே. ஆனால் அதே சபை 2005இல் செயின்ட் லூயிஸில் தன் அடிப்படை விசுவாசங்களோடு இருபத்தெட்டாவதாகக் கிறிஸ்துவில் வளருதலைச் சேர்த்தது. ஜெபம், வசனத்தை உட்கொள்ளுதல், அதைத் தியானித்தல், ஆராதனை எல்லாம் அதில் பெயர் சொல்லியே வருகின்றன. தீய ஆவிகளின்மேல் கிறிஸ்து பெற்ற வெற்றியும் அங்கே அறிக்கையிடப்படுகிறது. எனவே கேள்வி, பயிற்சி வேண்டுமா வேண்டாமா என்பதாக இருக்க முடியாது. திருவிருந்துக்கு முன் ஒருவர் மற்றவரின் கால்களைக் கழுவும் சபைக்கு, தன் பயிற்சிகளை விளங்கிக்கொள்ள வெளியிலிருந்து இரவல் வாங்க வேண்டிய அவசியம் குறைவு. அவற்றை இறையியலாகப் படிக்கும் பழக்கம்தான் அங்கே குறை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது: ஒரே பயிற்சி வெவ்வேறு பொருள் தரும்போது, பயிற்சியிலிருந்து இறையியலை எப்படி எடுப்பது? திருநெல்வேலிச் சீமையே இதற்குச் சான்று. நாசரேத் மிஷனோடு முரண்பட்டு 1850களின் பிற்பகுதியில் பிரிந்த அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளையும் அவரைச் சார்ந்தோரும், பழைய ஏற்பாட்டு முறைமைகள் சிலவற்றோடு சனிக்கிழமை ஓய்வையும் கைக்கொண்டார்கள். அட்வென்டிஸ்ட் ஊழியர் அப்பகுதியிலுள்ள பிரகாசபுரம் பக்கம் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே நடந்தது இது. அவர்களுக்கு 1844 தெரியாது. வெள்ளைக்கார மிஷனரியின் அதிகாரத்திலிருந்து விடுபட்ட சபை என்ற பொருளை அந்த நாள் அங்கே தாங்கியது. ஆகவே பயிற்சி தானாகவே பொருளைச் சொல்லிவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேதாகமமும் போதனையும் வரலாறும் சேர்ந்துதான் பொருளைத் தருகின்றன. நான் கேட்பது பயிற்சியைக் கோட்பாட்டுக்கு நீதிபதியாக்குவதை அல்ல. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதையே. உண்மையா பொய்யா என்பதை வேதாகமம் தீர்க்கட்டும். ஓர் உண்மை விசுவாசியின் வாழ்வில் என்னவாக மாறியது என்பதைச் சொல்ல வரலாறும் ஆன்மிக ஆய்வும் வேண்டும்.

ஆகவே இக்கருத்தரங்கில் கட்டுரை படிக்கும் அறிஞர்களுக்கு என் வேண்டுகோள் இது. 1844ஐப் பற்றி எழுதுகிறவர், அந்தக் கோட்பாடு ஜெபத்தை எப்படி மாற்றியது என்றும் கேளுங்கள். ஆவணங்களை ஆராய்கிறவர், மூலநூல் எது என்பதோடு நின்றுவிடாமல், அதைப் படித்தவர்கள் அதைக் கொண்டு என்ன செய்தார்கள் என்றும் தேடுங்கள். ஆன்மிகத்தைப் பற்றிப் பேசுகிறவர், இளைப்பாறுதல் என்ற சொல்லை இதமாகச் சொல்லிவிட்டுப் போகாமல், அதன் பின்னால் உள்ள பரிசுத்தஸ்தலப் போதனையையும் நியாயத்தீர்ப்பையும் எதிர்கொள்ளுங்கள். காத்திருக்கும் விசுவாசி தம்மேல் அல்ல, தமக்காகப் பரிந்துபேசுகிறவர்மேல் நிற்கிறார் என்பதை எந்த அட்வென்டிஸ்ட் இறையியல் தெளிவாக்குகிறதோ அது தன் மூலத்துக்கு உண்மையாக இருக்கிறது. எது அதை மங்கச் செய்கிறதோ, அது எவ்வளவு பழமையான போதனையாக இருந்தாலும் மறுபடி ஆராயப்பட வேண்டும். அந்த ஆராய்ச்சியை அச்சமின்றியும் மரியாதையோடும் இங்கே நடத்துவோம் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.