போர்ட் டிக்சனில் பிறந்த சபாநாயகர்



ஏ. பி. ராஜா என்ற தமிழ்ச் சட்டத்தரணியைப் பத்தி இன்னைக்குச் சொல்ல வந்திருக்கோம். அவர் 1911ல் மலாயாவின் போர்ட் டிக்சனில் பிறந்தவர். ஒக்ஸ்போர்டில் படிச்சு, சிங்கப்பூரில் சட்டத்தரணியாக இருந்தார். 1959 தேர்தலில் 51 ஆசனங்களில் வென்ற ஒரே சுயேச்சை அவர்தான். 1964ல் சபாநாயகரானார். 1965ல் சிங்கப்பூர் தனிநாடானபோதும் அந்த ஆசனத்தில் அவரே இருந்தார். பிறகு தூதுவர், 1976ல் நீதியரசர்.

நம்ம பாட்டன்மாரோ 1948ல் பிரஜாவுரிமையையும், பிறகு வாக்கையும் இழந்தாங்க. மிச்சமிருந்தவங்களுக்கும் 2003ல் சட்டம் வழி திறந்தது. உரிமை வந்தாச்சு, படிப்பு?

லயம் லயமா நாங்கள் போகும்போது, "மகன் கொழும்புக் கடையில நிக்கிறான்" என்கிறீங்க. சாதாரண தரம் எழுதும்வரையாவது பொறுங்க. சபாநாயகர் ஆசனத்துக்குப் போற பாதையும் பள்ளிக்கூட வாசலிலதான் தொடங்குது.