செல்போனும் சில எச்சரிக்கைகளும்

(தாராசுரத்தில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஐராவதேஸ்வரர் கோயிலைச் சுற்றிவிட்டு வந்து, மதியச் சாப்பாடும் முடிந்த நேரம். தூக்கம் வருவது நியாயம்தான். ஆனால் இப்போதும் பாதிப்பேர் கையில் செல்போன் இருக்கிறது. அதனால் அதைப் பற்றியே பேசுகிறேன்.

நான் வேலை பார்ப்பது எரிவாயு புழங்கும் இடம். குத்தாலம், நரிமணம் பக்கமெல்லாம் எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் உண்டு என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இம்மாதிரி இடங்களில் வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். உள்ளே போன் கொண்டுபோக வேண்டுமென்றால், அதற்கென்றே சோதித்துச் சான்று பெற்ற போன் வேண்டும். காரணம், பெட்ரோல் ஆவியோ சமையல் வாயுவோ காற்றோடு சரியான அளவில் கலந்திருந்தால், பற்றிக்கொள்ளக் கால் மில்லிஜூல் சக்தி போதும். நைலான் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று பொறி தெறிக்குமே, அதிலேயே அவ்வளவு இருக்கலாம்.

இத்தனையும் படித்த எனக்கு, இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒருநாள் ஊரிலிருந்து அம்மா போன் செய்தார்கள்.

"தம்பி, அடுப்படியில கேஸ் நாத்தம் அடிக்குதுப்பா. லைட்டப் போட்டுப் பாக்கட்டுமா?"

எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. "எந்த சுவிட்சையும் தொடாதம்மா. ஓடுற ஃபேன் ஓடட்டும். அப்படியே வாசலுக்கு வந்துடு" என்றேன். ஏஜென்சி ஆள் வந்து பார்த்தபோது ரப்பர் குழாயில் வெடிப்பு. அம்மா கேட்காமல் சுவிட்சைப் போட்டிருந்தால்? தினமும் கேட்டில் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிற நான், வீட்டில் ஒருநாளும் இதைச் சொல்லித்தந்ததில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தேங்கி நிற்கும். வாசனை வந்தால், முடிந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள், வெளியே வாருங்கள். அதன் பிறகுதான் போன். கேஸ் கசிவுக்கு 1906, தீயணைப்புக்கு 101, எதுவும் ஞாபகம் வராவிட்டால் 112. சுவிட்சில் வரும் பொறியோடு பார்த்தால் செல்போனால் வரும் ஆபத்து சிறியதுதான். ஆனாலும் அப்படிப்பட்ட இடத்துக்கென்று சோதித்துச் செய்ததல்ல உங்கள் போன்.

பெட்ரோல் பங்க்கில் மட்டும் ஏன் இந்த வேடிக்கை என்று கேட்பீர்கள். "செல்போன் பயன்படுத்தாதீர்" என்று போர்டு. பக்கத்திலேயே பணம் கட்ட கியூ.ஆர். அட்டை! அமெரிக்காவின் பெட்ரோலியம் எக்யூப்மென்ட் இன்ஸ்டிடியூட் திரட்டிய பங்க் தீ விபத்து விவரங்களில், செல்போன்தான் காரணம் என்று நிரூபணமானது ஒன்றுகூட இல்லை. உடம்பில் சேரும் நிலைமின்சாரம்தான் பல விபத்துகளுக்குக் காரணம். அதற்காக போர்டை அலட்சியம் செய்யாதீர்கள். பெட்ரோல் போடும்போது கவனம் சிதறக் கூடாது. தள்ளி வந்து பணம் கட்டினால் என்ன குறைந்துவிடும்?

இனி ஆபத்தான நேரம். 2018 நவம்பர் 16 விடியற்காலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்ட் இல்லாமல் செல்போன் டவர்களும் ஓய்ந்தன. வேதாரண்யம் பக்கத்தில்தான் என் அக்கா வீடு. மூன்று நாள் போன் போகவே இல்லை. மூன்றாம் நாள் சாயந்தரம் ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது: "எல்லாரும் சௌக்கியம். கூரை போச்சு." யாரோ டிராக்டர் பேட்டரியிலிருந்து சார்ஜ் போட்டுக் கொடுத்தார்களாம். புயலுக்கு முதல்நாள் ராத்திரி பிள்ளைகள் படம் பார்த்தே சார்ஜைத் தீர்த்திருந்தார்கள்.

பேசுவதற்குப் பாதை தொடர்ந்து திறந்திருக்க வேண்டும். எஸ்.எம்.எஸ்.சுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தால் போதும். எதிர்முனை போன் அணைந்திருந்தாலும் காத்திருந்து போய்ச் சேரும். தமிழில் ஒரு செய்திக்கு 70 குறியீடுதான். அதனால் சுருக்கமாக எழுதுங்கள்: யார், எங்கே, என்ன வேண்டும்.

இன்னொன்று. செல்போன் இடியை இழுக்கும் என்பது தவறு. இடி இடிக்கும்போது திறந்த வயலில் நிற்பதுதான் ஆபத்து. ஆனால் சார்ஜில் போட்டபடி பேசாதீர்கள். மின்கம்பி வழியாக மின்னல் உள்ளே வரும்.

இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். பூட்டிய திரையிலேயே தெரியும்படி ஒரு அவசர எண்ணைப் போட்டு வையுங்கள். மயங்கிக் கிடப்பவரின் பூட்டிய போனால் யாருக்கும் பயனில்லை. நாலு முக்கியமான எண்களைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மூன்றாவது, கேஸ் வாசனை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் அம்மாவிடம் ஒருமுறை சொல்லுங்கள். என்னைப் போல, அவர்கள் போன் செய்யும்வரை காத்திருக்காதீர்கள்.