பாலை மணலில் ஓடும் வண்டியும் பட்டறையில் வளரும் அறிவும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



புதிய பொறி ஒன்று எவ்வாறு உருவாகிறது என்னும் பொருள் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். பொதுவாகப் பேசிச் செல்வதினும் ஒரே ஒரு பொறியை எடுத்துக்கொண்டு அதன் வரலாற்றையும் உள்ளமைப்பையும் ஆராய்வது பயன் தரும். ஆகவே, பாலைவனப் பந்தயங்களில் ஓடும் 'சைடு-பை-சைடு' என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோம். நான்கு சக்கரங்கள், இரும்புக் குழாய்க் கூடு, அதனுள் இருவர் அருகருகே அமரும் இருக்கைகள், இதுவே அவ்வண்டி. கதவும் கண்ணாடியும் பெரும்பாலும் பெயரளவுக்கே.

"பந்தயம் செல்வர் விளையாட்டன்றோ, அதனால் நமக்கென்ன?" என்று சிலர் எண்ணலாம். வண்டியை வாங்கி ஓட்டுவோர் செல்வர்களாக இருக்கலாம். அதனை ஆக்கியோர் யார், எங்ஙனம் கற்றனர், எவ்விடத்தே தொடங்கினர் என்று கேட்போமானால், விடை வேறாக அமைவதைக் காண்போம்.

முதலில் பந்தயத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1967ஆம் ஆண்டில் மெக்சிகோ நாட்டின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தில், திஹுவானா நகர் முதல் லா பாஸ் நகர் வரை ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர் பாலை வழியில் ஒரு பந்தயம் நடந்தது. அதில் வென்ற வண்டி 27 மணி 38 நிமிடங்களில் வந்தடைந்தது. பெருநிறுவனம் எதுவும் செய்த வண்டியன்று அது. படகு செய்யும் தொழிலறிந்த புரூஸ் மேயர்ஸ் என்பவர், ஃபோக்ஸ்வேகன் காரின் அடித்தளத்தின்மேல் கண்ணாடியிழை உடலைப் பொருத்தி ஆக்கிய மேயர்ஸ் மேங்ஸ் என்னும் சிறு வண்டியே அது. படகுக்குக் கற்ற தொழில் பாலைக்கும் பயன்பட்டது.

1977ஆம் ஆண்டில் தியரி சபீன் என்னும் பிரெஞ்சுக்காரர் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஆப்பிரிக்கப் பாலையில் வழிதவறி, சாவின் விளிம்பிலிருந்து மீட்கப்பட்டார். அவர் தொடங்கிய பாரிஸ்–தக்கார் பந்தயம் 1978 டிசம்பரில் புறப்பட்டு 1979 ஜனவரியில் செனகல் நாட்டின் தக்கார் நகரை அடைந்தது. 1986ஆம் ஆண்டுப் பந்தயத்தின்போதே மாலி நாட்டில் ஹெலிகாப்டர் விபத்தில் அவர் உயிரிழந்தார். பாதுகாப்புக் காரணத்தால் 2008ஆம் ஆண்டுப் பந்தயம் கைவிடப்பட்டது. 2009 முதல் 2019 வரை தென் அமெரிக்காவிலும், 2020 முதல் சவூதி அரேபியாவிலும் அது நடந்து வருகிறது. நாம் பேசும் வண்டிக்கு அங்கே 2017ஆம் ஆண்டில் தனி வகுப்பு கிடைத்தது.

இனி, வண்டியின் பிறப்பைக் காண்போம். 2003ஆம் ஆண்டில் யமஹா நிறுவனம் வெளியிட்ட ரைனோ என்னும் வண்டி இவ்வகைக்குப் பரவலான பெயர் தேடித் தந்தது. பண்ணையிலும் காட்டிலும் ஆளையும் பொருளையும் ஏற்றிச் செல்லவே அது ஆக்கப்பட்டது. பின்பக்கம் சுமைத் தட்டு உண்டு. ஆனால் மக்கள் அதனை மணல் மேடுகளுக்கு ஓட்டிச் சென்றனர். அதன் பின்னரே வேகத்திற்கென்றே ஆக்கிய வண்டிகள் வந்தன. 2007ஆம் ஆண்டில் போலாரிஸ் நிறுவனம் ஆர்.இசட்.ஆர். என்னும் வண்டியை வெளியிட்டது. காட்டின் குறுகிய தடங்களில் செல்லவேண்டும் என்பதற்காக அதன் அகலம் 127 சென்டிமீட்டராகவே வைக்கப்பட்டிருந்தது.

இளைஞர்களே, இங்கே ஒரு செய்தியை ஊன்றிக் கவனியுங்கள். ரைனோ வண்டிகள் கவிழ்ந்தன. 2009ஆம் ஆண்டு அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஐம்பதுக்கும் மேற்பட்ட விபத்துகளை ஆராய்ந்து, 46 பேர் மாண்டதைக் கண்டது. அதன் பின்னர், பின்சக்கரங்களை அகலப்படுத்தும் இடைத்துண்டுகளைப் பொருத்தியும், வண்டியின் சாய்வைத் தடுக்கும் பின்பக்கக் கம்பியை நீக்கியும் இலவசமாகத் திருத்தித் தர நிறுவனம் முன்வந்தது. வைக்கோலை உயர ஏற்றிய மாட்டு வண்டி மேட்டுப் பள்ளத்தில் எப்படிச் சாயும் என்பது நம் ஊர்ச் சிறுவருக்கும் தெரியும். எடையின் நடுப்புள்ளி உயர்ந்து, சக்கரங்களின் இடையகலம் குறைந்தால் எவ்வண்டியும் கவிழும். பள்ளி இயற்பியலில் நிலைப்புத்தன்மை என்று நாம் கற்பிக்கும் அதே பாடந்தான் இது. தேர்வுத்தாளில் தவறினால் இரண்டு மதிப்பெண் குறையும். பட்டறையில் தவறினால் உயிர் போகும்.

மற்றொரு செய்தியும் உண்டு. 2016ஆம் ஆண்டில் போலாரிஸ் நிறுவனம் தீப்பற்றும் அபாயம் காரணமாக ஏறத்தாழ 1,33,000 ஆர்.இசட்.ஆர். வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 160க்கும் மேற்பட்ட தீ நிகழ்ச்சிகள் பதிவாயின. 19 பேர் காயமுற்றனர். வண்டி கவிழ்ந்து எழுந்த தீயில் பதினைந்து வயதுப் பயணி ஒருவர் இறந்தார். குறைகளை உரிய காலத்தில் ஆணையத்திற்குத் தெரிவிக்கவில்லை என்னும் குற்றச்சாட்டின்மேல், 2018ஆம் ஆண்டில் 2 கோடியே 72½ இலட்சம் டாலர் செலுத்த அந்நிறுவனம் உடன்பட்டது. பொறியியல் என்பது திறமை மட்டுமன்று, கண்ட குறையை மறைக்காமல் உரைக்கும் நேர்மையுமாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, பாலைப் பந்தயத்திற்கெனப் புதிய வண்டி ஒன்றை வரைவோர் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கின்றனர் என்பதைக் காண்போம்.

முதலாவது, விழுதலைத் தாங்குதல். மணல் மேட்டின் உச்சியினின்று வண்டி பறந்து விழும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதாகக் கொள்வோம். சக்கரம் 20 சென்டிமீட்டர் மட்டுமே மேலெழுந்து வண்டியை நிறுத்துமாயின், சராசரியாக வண்டியின் எடையைப் போல் 6 மடங்கு விசை அதன்மேல் தாக்கும். 50 சென்டிமீட்டர் எழுந்து நிறுத்துமாயின் 3 மடங்கே தாக்கும். இக்கணக்கை வீட்டிற்குச் சென்று நீங்களே போட்டுப் பாருங்கள். சக்கரம் மேலும் கீழும் செல்லும் தூரத்தைக் கூட்டுவதில் நிறுவனங்கள் போட்டியிடும் காரணம் இதுவே. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த கேன்-ஆம் மேவரிக் ஆர் வண்டியில் அத்தூரம் முன்சக்கரத்திற்கு ஏறத்தாழ 63 சென்டிமீட்டர், பின்சக்கரத்திற்கு 66 சென்டிமீட்டர். அவ்வண்டியின் அகலமோ ஏறத்தாழ 196 சென்டிமீட்டர். 127இல் தொடங்கிய அகலம் எங்கு வந்து நிற்கிறது பாருங்கள்!

இரண்டாவது, ஆற்றலைச் சக்கரத்திற்குக் கொண்டு சேர்த்தல். இவ்வகை வண்டிகளுட் பெரும்பாலானவற்றில் கியர்ப் பெட்டிக்கு மாற்றாக இரு கப்பிகளும் அவற்றை இணைக்கும் ஒரு ரப்பர் பெல்ட்டும் இருக்கும். எஞ்சின் விரைய விரைய முதற்கப்பியின் இரு பக்கங்களும் நெருங்கி, பெல்ட் வெளிவிளிம்பை நோக்கி ஏறும். வேக விகிதம் தானே மாறும். ஓட்டுவோர்க்கு இது மிக எளிது. ஆனால் புதைமணலில் சுமை மிகும்போது பெல்ட் வழுக்கும், சூடேறும், இறுதியில் கிழியும். பந்தயத்தினர் மாற்றுப் பெல்ட்டுகளை உடன் கொண்டு செல்வது இதனால்தான்.

இச்சிக்கலுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விடை கண்டது. யமஹா நிறுவனம் 2015ஆம் ஆண்டில் பெல்ட்டைக் கைவிட்டுக் கையால் மாற்றும் கியர்ப் பெட்டியை வைத்தது. போலாரிஸ் நிறுவனம் பெல்ட்டை விடாமல், 2022ஆம் ஆண்டு மாதிரியான ஆர்.இசட்.ஆர். புரோ ஆர் வண்டியில் டர்போ இல்லாத 1,997 சி.சி. எஞ்சினைப் பொருத்தி 225 குதிரைத்திறன் பெற்றது. மேவரிக் ஆர் வண்டியோ 999 சி.சி. எஞ்சினுடன் டர்போவைச் சேர்த்து 240 குதிரைத்திறன் பெற்று, அதனை இரட்டைக் கிளட்ச் கொண்ட ஏழு வேகக் கியர்ப் பெட்டியின் வழியே செலுத்துகிறது. ஒரே வினாவுக்கு மூன்று விடைகள், மூன்றும் ஓடுகின்றன. பாடநூலின் கடைசிப் பக்கத்தில் விடை தேடும் பழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும் என்பதற்காகவே இதனை விரித்துரைத்தோம்.

மூன்றாவது, வெப்பமும் தூசியும். எஞ்சின் மூச்சுவிடும் காற்றில் நுண்மணல் கலந்தால் உட்புறம் தேய்ந்து அழியும். எனவே காற்று புகும் வாயை உயரத்தில் வைத்து, தூசியை வடிகட்டி அனுப்புவர். டயரின் காற்றைக் குறைத்தால் அது அகன்று பரவி மணலில் புதையாது செல்லும். ஒட்டகத்தின் பாதம் அகன்றிருப்பதும் அதற்கே அன்றோ?

நான்காவது, உள்ளிருப்போர். ஒருவர் ஓட்ட, மற்றவர் வழிக்குறிப்பைப் படித்துத் திசை சொல்வார். அக்குறிப்பும் அண்மைப் பந்தயங்களில் ஓட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னரே தரப்படுகிறது. ஓட்டுபவர் கைத்திறனும் உடனிருப்பவர் படிப்பறிவும் ஒரே கூட்டினுள் அருகருகே அமர்ந்து செல்கின்றன. ஒன்றை மற்றொன்று இகழ்ந்தால் இருவரும் வழி தவறுவர்.

இவ்வண்டிகளின் தாயகம் எது என்று எண்ணுகிறீர்கள்? பாலைவனம் அன்று, பனி நாடு! போலாரிஸ் 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ரோசோ என்னும் சிற்றூரில் வேளாண் கருவி செய்யும் பட்டறையாகத் தொடங்கியது. 1956இல் அங்கு முதற் பனிவண்டி ஆக்கப்பட்டது. கேன்-ஆம் வண்டிகளைச் செய்யும் பி.ஆர்.பி. நிறுவனம், கனடாவின் கியூபெக் மாநிலத்து வல்கூர் என்னும் சிற்றூரில் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே என்பவர் நட்ட வித்திலிருந்து முளைத்தது.

அப்பெருமகன் 1907இல் பிறந்தவர். பதினைந்தாம் வயதில், பழைய ஃபோர்டு எஞ்சின் ஒன்றைச் சறுக்குவண்டியில் பொருத்தி, விமானச் சுழலி போன்ற ஒன்றால் பனிமேல் ஓட்டினார். சுழலி ஆளை வெட்டிவிடும் என்று தந்தை அதனைப் பிரித்துப் போடச் செய்தார். மைந்தர் மனம் தளரவில்லை. மான்ட்ரியல் நகரில் பணிபுரிந்துகொண்டே மாலை வகுப்புகளில் இயந்திரவியலும் மின்னியலும் கற்றார். 1926இல் பத்தொன்பது வயதில் தம் ஊரில் சொந்தப் பட்டறை திறந்தார். 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயதுக் குழந்தைக்குக் குடல்வால் நோய் கண்டது. பனி மூடிய வழியில் மருத்துவமனை செல்ல வண்டியில்லை, குழந்தை இறந்தது. 1937ஆம் ஆண்டில் பனிமேல் எழுவரை ஏற்றிச் செல்லும் வண்டிக்கான சக்கர, பட்டை அமைப்பிற்கு அவர் காப்புரிமை பெற்றார். 1959இல் ஸ்கி-டூ என்னும் சிறு பனிவண்டியை வெளியிட்டார், 1964இல் மறைந்தார்.

நோயுற்றவரைக் கட்டிலோடு தூக்கிச் சென்று பெருஞ்சாலையில் பேருந்துக்குக் காத்திருந்த அனுபவம் நம் குடியிருப்புகளுக்குப் புதிதன்று. ஆகவே அத்தந்தையின் துயரம் நமக்கு விளக்கமின்றியே புரியும். ஆனால் அவர் துயரத்தோடு நின்றுவிடவில்லை. மாலை வகுப்பில் கற்ற கல்வி கையில் இருந்தது. துயரம் பலர்க்கும் உண்டு. அதனைப் பொறியாக மாற்றும் கல்வி சிலர்க்கே வாய்க்கிறது. அந்தச் சிலரைப் பலராக்குவதே நம் சங்கத்தின் பணி.

பெண் மக்களுக்கும் ஒரு சொல். 2001ஆம் ஆண்டு தக்கார் பந்தயத்தில் கார்களுள் முதலிடம் பெற்ற யூட்டா கிளைன்ஷ்மிட் என்னும் ஜெர்மானியப் பெண்மணி, இயற்பியல் சார்ந்த பொறியியல் கற்றவர். 2024ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுக் கிறிஸ்தினா குத்தியேரஸ் என்பவர், நாம் பேசிய வண்டிகளுக்கு நெருங்கிய இனமான சேலஞ்சர் வகுப்பில் வென்றார்.

நம் நாட்டவரும் பின்தங்கிவிடவில்லை. 2015ஆம் ஆண்டில் பெங்களூரைச் சேர்ந்த சி.எஸ். சந்தோஷ் மோட்டார் சைக்கிளில் தக்கார் பந்தயத்தை முடித்த முதல் இந்தியரானார். அதே ஆண்டில் நம் ஒசூரில் இயங்கும் டி.வி.எஸ். நிறுவனம் பிரெஞ்சு நிறுவனமான ஷெர்கோவுடன் இணைந்து அங்கு அடி வைத்தது. அக்குழுவின் ஹரித் நோவா 2024ஆம் ஆண்டில் ராலி-2 வகுப்பில் முதலிடம் பெற்றார்.

பொறியியல் மாணவர்க்கு வேறொரு வாயிலும் திறந்திருக்கிறது. 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பாஹா எஸ்.ஏ.இ. என்னும் மாணவர் போட்டி தொடங்கிற்று. அதன் இந்தியப் போட்டி 2007 முதல் நடைபெறுகிறது. மாணவர்கள் தாமே கரடுமுரடான நிலத்தில் ஓடும் ஒருவர் வண்டியை வரைந்து, பற்றவைத்து, ஓட்டிக் காட்ட வேண்டும். வரைபடத்திற்கும் செலவுக் கணக்கிற்கும் மதிப்பெண் உண்டு. இறுதியில் நான்கு மணி நேரத் தாக்குப்பிடிப்பு ஓட்டமும் உண்டு.

இத்தகைய குழுக்களில் சேர மாணவர் தம் பங்குக்குச் சிறு தொகை தரவேண்டிய நிலை பல கல்லூரிகளில் உள்ளது. அந்தத் தொகை இன்மையால் நம் பிள்ளைகள் ஒதுங்கி நிற்பார்களேயானால், பட்டம் கிடைக்கும், கைத்திறன் கிடைக்காது. பின்னர் வேலைக்கான நேர்முகத் தேர்வில், "நீ எதைச் செய்தாய்?" என்னும் கேள்விக்கு அவர்களால் விடை கூற இயலாது. எனவே நம் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, தொழிற்பயிற்சி நிலையம், பாலிடெக்னிக், பொறியியற் கல்லூரி ஆகியவற்றில் பயிலும் நம் மாணவரின் செய்முறைத் திட்டங்களுக்குத் தனி உதவி நிதி. இரண்டு, மாலைப் பள்ளியில் ஸ்பானர், வெர்னியர், ரம்பம் முதலியன கொண்ட ஒரு கருவி அலமாரி. மூன்று, விடுமுறை நாட்களில் இயந்திர வரைபட வகுப்பு. ஆணும் பெண்ணும் அவ்வகுப்பில் சமமாக அமர வேண்டும்.

நம் முன்னோர் கை உழைத்த கை. உழைத்த கையைத் தாழ்வென்றும் ஏட்டை ஏந்திய கையை உயர்வென்றும் பிரித்து வைத்ததால் இந்நாடு இழந்தது பெரிது. இளைஞர்களே! உங்கள் ஒரு கையில் ஏடும் மறுகையில் ஸ்பானரும் இருக்கட்டும். கண்ட குறையை மறைக்காத நெஞ்சும் உடனிருக்கட்டும். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் இச்சங்கம் பொன்விழாக் காணும்போது, நம் பிள்ளைகள் வரைந்த பொறி ஒன்று அவ்விழா மேடையருகே வந்து நிற்க வேண்டும் என்று வாழ்த்துகிறோம்.