கப்பலுக்குப் போய்ச் சேர வேண்டிய வானிலை



அட்லாண்டிக் பெருங்கடலின் ஹரிகேன் பருவத்தில் கடல் எப்படி இருக்கும் என்பதைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அந்தப் பருவம். செப்டம்பர் 10-ஐ ஒட்டி உச்சம். கடலின் மேற்பரப்பு ஏறக்குறைய 26.5 பாகை செல்சியஸாவது சூடேறியிருக்க வேண்டும். இவையெல்லாம் இந்த அவைக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. நெடுநாளாக என் மனத்தை உறுத்தும் ஒரு கேள்வியை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். நாம் கணிக்கும் வானிலை, நடுக்கடலில் இரவுக் காவலில் நிற்கும் அதிகாரிக்கு எந்த நேரத்தில், எந்த வடிவில் போய்ச் சேருகிறது?

இந்தக் கேள்விக்கு வரலாறு தந்த மிகக் கசப்பான பதில் ‘எல் ஃபாரோ’. 2015 செப்டம்பர் 29 இரவு, புளோரிடாவின் ஜாக்சன்வில் துறைமுகத்திலிருந்து அந்தச் சரக்குக் கப்பல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானுக்குப் புறப்பட்டது. 1975-இல் கட்டியது, நீளம் ஏறக்குறைய 240 மீட்டர், உள்ளே 33 பேர். பஹாமாஸ் தீவுகளுக்குக் கிழக்கே ஹோவாக்கின் புயல் வலுத்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால் எரிகா என்ற புயல் வந்தபோது, இதே கப்பல் கியூபாவை ஒட்டிய பழைய பஹாமா கால்வாய் வழியாகச் சுற்றிக்கொண்டு பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இந்த முறை நேர்வழியைப் பிடித்தார்கள். அக்டோபர் 1 காலை, குரூக்கட் தீவுக்கு அருகே கப்பல் மூழ்கியது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில், ஏறக்குறைய 4,600 மீட்டர் ஆழத்திலிருந்து கப்பலின் பயணப் பதிவுக் கருவியை மீட்டார்கள். கடைசி 26 மணி நேரத்தில், கப்பலை இயக்கும் மேடையான பிரிட்ஜில் பேசிய பேச்சு அதில் இருந்தது. வானிலைத் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் அந்தப் பதிவின் எழுத்து வடிவத்தை ஒரு முறையாவது படிக்க வேண்டும் என்பேன்.

அந்தக் கப்பலுக்கு இரண்டு வழிகளில் வானிலை வந்துகொண்டிருந்தது. ஒன்று, மயாமியில் உள்ள தேசிய ஹரிகேன் மையத்தின் அறிக்கை. செயற்கைக்கோள் வழியாக வந்து, பிரிட்ஜில் இருந்த அச்சுப்பொறியில் வெறும் எழுத்தாக இறங்கும். இன்னொன்று, ஒரு தனியார் சேவை அனுப்பிய வண்ண வரைபடம். கணினியைத் திறந்தால் புயலும் காற்றும் அலையும் நிறம் நிறமாகத் தெரியும். கேப்டன் நம்பியிருந்தது வரைபடத்தை. ஆனால் அதைத் தயாரித்து அனுப்புவதற்குள் பல மணி நேரம் ஓடிவிடும். அந்தப் பயணத்தில் வந்த ஒரு கோப்பில், புயலைப் பற்றிய விவரம் முந்தைய கோப்பில் இருந்தது அப்படியே மாறாமல் இருந்தது. எழுத்தாக வந்ததுதான் புதியது; கண்ணுக்கு எளிதாகப் பட்டது பழையது.

கப்பல் மூழ்குவதற்கு முந்தைய இரவு 11 மணி தாண்டியதும் மூன்றாம் அதிகாரி கேப்டனின் அறைக்குத் தொலைபேசியில் அழைத்து, புயல் நம் பாதையை நோக்கி வருகிறது என்கிறார். நள்ளிரவு கடந்து ஒன்றே கால் மணிவாக்கில் இரண்டாம் அதிகாரி அழைத்து, தெற்கே திருப்பிவிடலாமே என்று கேட்கிறார். பாதை மாறவில்லை. கீழே ஒரு சரக்கறையில் திறந்து கிடந்த சிறிய மூடியின் வழியே தண்ணீர் புகுந்தது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய, எந்திரத்துக்கு உயவு எண்ணெய் ஏறாமல் போய், காலை 6 மணியளவில் உந்துவிசை நின்றது. எந்திரம் நின்ற கப்பல் காற்றுக்கும் அலைக்கும் விலாவைக் காட்டிக்கொண்டு கிடக்கும். ஏழரை மணிக்குக் கப்பலைக் கைவிடும் மணி அடித்தது.

விசாரணை நடத்திய அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், புயலைத் தவிர்க்கக் கேப்டன் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்றும், கையில் கிடைத்த புதிய தகவலைப் பயன்படுத்தவில்லை என்றும் 2017-இல் முடிவு சொன்னது. கப்பலை இயக்கிய நிறுவனத்தின் மேற்பார்வைக் குறைவையும் சுட்டிக்காட்டியது. அந்த முடிவு சரியே. ஆனால் நம் தரப்பையும் பார்க்க வேண்டும். ஹோவாக்கின் தென்மேற்காக இறங்கும் என்பதைத் தொடக்கக் கணிப்புகள் பிடிக்கவில்லை. அது அவ்வளவு வேகமாக வலுக்கும் என்பதையும் பிடிக்கவில்லை. கேப்டனைக் குறை சொல்லிவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்ள முடியாது.

கணிப்பு தவறும் என்பதை ஒப்புக்கொண்டுதான் மாலுமிகள் 1-2-3 விதியை வைத்திருக்கிறார்கள். 34 நாட் வேகத்தில் காற்று வீசும் என்று கணித்த எல்லைக்கு வெளியே, 24 மணி நேரக் கணிப்பென்றால் இன்னும் 100 கடல் மைல், 48 மணி நேரத்துக்கு 200, 72 மணி நேரத்துக்கு 300 என்று விலகி நில் என்பது விதி. அந்தக் காலக் கணிப்புகளின் சராசரிப் பிழை அவ்வளவு இருந்தது. இன்று பிழை அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அதனால் விதியைத் தளர்த்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது என்பது என் கருத்து. பாதைக் கணிப்பு தேறிய அளவுக்குத் திடீர் வலுவேற்றத்தின் கணிப்பு தேறவில்லை. ஹோவாக்கின் போன்ற புயலிடமிருந்து கப்பலைக் காப்பது இந்தத் தூரம்தான்.

அலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் அறிக்கைகளில் வரும் அலை உயரம், உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. தனியொரு அலை ஏறக்குறைய அதன் இரு மடங்காக எழலாம். 2004-இல் ஐவன் ஹரிகேன் மெக்சிகோ வளைகுடாவைக் கடந்தபோது, கடலடியில் வைத்திருந்த அழுத்த உணரிகள் 27.7 மீட்டர் உயர அலை ஒன்றைப் பதிவு செய்தன. புயல் எங்கோ இருக்கும்போதே அதன் அலை முன்னே ஓடிவந்துவிடும். 2009-இல் பில் ஹரிகேன் கரையை விட்டு வெகுதொலைவில் கடந்துகொண்டிருந்தபோது, மெய்ன் மாநிலத்தின் அகேடியா பூங்காவில் பாறைமேல் நின்று வேடிக்கை பார்த்தவர்களை ஓர் அலை இழுத்தது. ஏழு வயதுச் சிறுமி இறந்தாள்.

கடலோடிகளும் கணிப்பாளர்களும் ஒருவரை ஒருவர் நம்பி வேலை செய்த காலம் ஒன்று இருந்தது. ஹவானாவின் பெலென் கல்லூரி வானிலைக் கூடத்துக்கு 1870-இல் பொறுப்பேற்ற பெனிட்டோ வினியெஸ் என்ற ஏசு சபைப் பாதிரியார், காற்றழுத்தமானியையும் கீற்று மேகங்கள் விரியும் திசையையும் அலையின் போக்கையும் வைத்தே புயலின் இருப்பிடத்தைச் சொன்னார். 1875 செப்டம்பரில் அவர் பத்திரிகையில் வெளியிட்ட எச்சரிக்கை, ஹரிகேன் கணிப்பு வரலாற்றின் தொடக்கங்களில் ஒன்று. துறைமுகங்களிலிருந்தும் கப்பல்களிலிருந்தும் வந்த குறிப்புகளே அவருடைய பலம். அவர் மறைந்த பின் 1900-இல், அந்த மரபில் வந்த கியூபாக்காரர்கள், ஒரு புயல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் போகிறது என்றார்கள். கியூபாவிலிருந்து புயல் பற்றிய தந்திகள் வெளியே போகாதபடி தடுத்து வைத்திருந்த அமெரிக்க வானிலைப் பணியகம், அது புளோரிடா பக்கம் திரும்பும் என்று நம்பியது. செப்டம்பர் 8-இல் புயல் டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரத்தை வாரிக்கொண்டு போனது. குறைந்தது 6,000 பேர் மாண்டார்கள். 8,000 என்பதே பொதுவான மதிப்பீடு.

இன்று வேறொரு சிக்கல். எச்சரிக்கை நன்றாக வேலை செய்யச் செய்ய, கப்பல்கள் விலகிப் போகின்றன; விலகிப் போகவும் வேண்டும். ஆனால் புயலுக்கு அடியில் கடல் எப்படி இருக்கிறது என்று சொல்ல ஆளில்லாமல் போகிறது. கடலிலிருந்து காற்றுக்கு வெப்பம் ஏறும் அந்த இடத்தில்தான் வலுவேற்றத்தின் விடை இருக்கிறது. 2021 செப்டம்பர் 30-இல் சாம் ஹரிகேனுக்குள் ஆளில்லாப் பாய்மரக் கலம் ஒன்று புகுந்து, 15 மீட்டர் அலைகளுக்கிடையே படமும் அளவீடும் அனுப்பியது. அப்படிப்பட்ட கலங்கள் பெருக வேண்டும். அதற்காகக் கப்பல்கள் வழியில் அனுப்பும் காற்று, அழுத்தம், அலைக் குறிப்புகளை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. புயலின் ஓரங்களை அறிய அவைதான் துணை.

இது அட்லாண்டிக்கின் கதை மட்டும் அன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, பல நாள் தங்கல் தொழிலுக்குப் போயிருந்த குமரி மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கரையில் இருந்தவர்களுக்கு ஒலிபெருக்கி இருந்தது. ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எதுவும் இல்லை. திரும்பி வராதவர்களின் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றன.

ஆகவே இந்த மேடையில் கட்டுரை படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாதிரி எவ்வளவு துல்லியம் என்று சொல்லும்போது, அதன் முடிவு கப்பலை எட்டுவதற்குள் எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் சொல்லுங்கள். வரைபடம் தயாரிப்பவர்களே, அதன் தலையிலேயே கணித்த நேரத்தைப் பெரிய எழுத்தில் போடுங்கள். கடல்சார் கல்லூரி ஆசிரியர்களே, எழுத்தாக வரும் அறிக்கையைப் படித்துக் கையால் வரைபடத்தில் குறிக்க மாணவர்களைப் பழக்குங்கள். இரவுக் காவலில் இருக்கும் இளைய அதிகாரி ஐயம் எழுப்பினால் கேப்டன் எழுந்து பிரிட்ஜுக்கு வர வேண்டும் என்பதையும் பாடமாக வையுங்கள். இங்கே வந்திருக்கும் கேப்டன்கள் கூச்சப்படாமல் குறுக்கிட்டு, எங்கள் அறிக்கைகளில் உங்களுக்குப் பயன்படாதது எது என்று சொல்லுங்கள்.

முதல் அமர்வில் கட்டுரை படிப்பவர்களை மேடைக்கு அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.