கொட்டடிக்கும் யந்திரம்



திருப்பூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு யந்திரம் என்பது அதிசயமான வஸ்து அல்ல. பனியன் மிஷினை நாம் யாரும் விழுந்து கும்பிடுவதில்லை. ஆயுத பூஜையன்று ஒரு நாள் தவிர. ஆனால் அதே நாம், கோயிலில் தீபாராதனை வேளையில் ஆளில்லாமல் முரசும் சேகண்டியும் மணியும் தாமாகவே முழங்கினால் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறோம். இது சாமிக்கா, மோட்டாருக்கா என்று கேட்டால் மட்டும் கோபம் வந்துவிடுகிறது. ஆகவே அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சங்கதியை முதலில் பார்ப்போம்.

மோட்டார் நிமிஷத்துக்குச் சுமார் 1440 சுற்றுச் சுற்றுகிறது. அந்த வேகத்தில் எந்தக் கோலும் அடிக்க முடியாது. 2 அங்குலப் புல்லியிலிருந்து 12 அங்குலப் புல்லிக்குப் பெல்ட் போட்டால் 240 ஆகிறது. மறுபடியும் 2 அங்குலத்திலிருந்து 8 அங்குலத்துக்குப் போட்டால் 60; அதாவது விநாடிக்கு ஒரு சுற்று. இந்த மெதுவான தண்டில் பல் வைத்த தகடு ஒன்றை மாட்டினால், ஒவ்வொரு பல்லும் கோலின் வாலை அழுத்தித் தலையைத் தூக்கும்; பல் நழுவியதும் ஸ்பிரிங் இழுத்து அடிக்கும். பற்களின் இடைவெளிதான் தாளம். சமமாக வைத்தால் சமமான அடி. இரண்டைச் சேர்த்தும் ஒன்றைத் தள்ளியும் வைத்தால் வேறு தாளம். கோல் அடித்தவுடன் எழும்ப வேண்டும். தோலின்மேல் படுத்துவிட்டால் ஓசை செத்துப்போகும். செய்கிறவனுக்குக் கஷ்டமெல்லாம் இந்த ஸ்பிரிங்கைச் சரிப்படுத்துவதில்தான். மற்றது லேத்துப் பட்டறைச் சமாச்சாரம். பனியன் மிஷினில் ஊசியைத் தூக்கி இறக்குகிற கேம் இருக்கிறதே, அதனுடைய தம்பிதான் இது.

இந்த உறவு நாம் கட்டிச் சொல்வதல்ல. பிரான்சு தேசத்தில் வோகான்சன் என்பவர் 1738ஆம் வருஷத்தில் புல்லாங்குழல் ஊதும் ஆளுயரப் பொம்மை ஒன்றைப் பாரிசில் காட்டினார். துருத்தியிலிருந்து காற்று வரும். உதடும் விரலும் அசையும். முளை அடித்த மர உருளை ஒன்று உள்ளே சுழன்று எல்லாவற்றையும் நடத்தும். அது 12 பாட்டுகள் வாசித்தது. அதே மனிதர் பிறகு பட்டுத் தொழிலுக்கு மேற்பார்வையாளராகி, 1745இல் தானாக நெய்யும் தறி ஒன்றைச் செய்தார். அந்த வழியில் வந்ததுதான் 1804இல் ஜாக்கார்டு செய்த அட்டைத் தறி. குழல் ஊதின மூளையே தறியும் ஓட்டிற்று. நம் பக்கத்து மைசூரில் திப்பு சுல்தான் வைத்திருந்த மரப்புலியின் வயிற்றிலும் ஒரு வாத்தியம் உண்டு. 1799இல் வெள்ளைக்காரர் கைக்குப் போன அது இன்று லண்டன் காட்சிசாலையில் இருக்கிறது.

இனி நம் ஊர் சங்கதிக்கு வருவோம். இந்தத் திருமுருகன்பூண்டியில்தான், சுந்தரருடைய பொன்மூட்டையைச் சிவபெருமான் பூதங்களை வேடர்களாக அனுப்பிப் பறித்தார் என்றும், சுந்தரர் பாடிய பிறகே திருப்பிக் கொடுத்தார் என்றும் புராணம் சொல்லுகிறது. வழிப்பறிக்குச் சட்டம் என்ன தண்டனை விதிக்கிறது என்பது ஒருபுறமிருக்கட்டும். பாட்டில் அவ்வளவு ஆசையுள்ள சாமிகளுக்கு மோட்டார்க் கொட்டே போதும் என்று தீர்மானித்தவர் யார்? சாமி சொல்லிற்றா?

இன்னொன்று கேட்கிறோம். பறையடித்தவன் தீண்டத்தகாதவன் என்று வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டான். அவன் உள்ளே வருவதற்கு 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வேண்டியிருந்தது. மோட்டார் உள்ளே வருவதற்கு எந்தச் சட்டம் வேண்டியிருந்தது? அதைப் பூட்டியவன் என்ன ஜாதி, பெல்ட் எந்தத் தோல், முரசைக் கட்டியவன் யார் என்று எந்த அர்ச்சகர் விசாரித்தார்? இங்கே கல்லில் சாமி செதுக்குகிற சிற்பிகளைக் கேளுங்கள். உளி பட்டவரை அது அவர்கள் கை வேலை. கும்பாபிஷேகம் ஆனதும் செய்தவன் தள்ளி நிற்க வேண்டும்.

யந்திரம் வந்ததால் கொட்டுக்காரன் பிழைப்புப் போயிற்றே என்று சில தோழர்கள் சொல்லுகிறார்கள். நியாயமான கேள்வி. பிறந்த ஜாதிக்காகச் சாவு வீட்டிலும் திருவிழாவிலும் அடித்தே தீரவேண்டும் என்ற கட்டாயத்தை யந்திரம் எடுத்துக்கொள்ளுமானால் நமக்குச் சந்தோஷமே. ஆனால் கூலி மிச்சம் என்று ஆளைத் துரத்துவதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. யந்திரத்துக்குக் காது கிடையாது. நாதஸ்வரக்காரர் எங்கே நிறுத்துவார், எங்கே எடுப்பார் என்று முகம் பார்த்துத் தவில்காரர் அடிக்கிறாரே, அது பல் தகட்டில் அடங்குகிற காரியமா? அந்த வித்தையைச் சம்பளம் கொடுத்து எல்லா ஜாதிப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கச் சொல்லுங்கள். சுவரில் மாட்டின பெட்டிக்கு மாதாமாதம் எண்ணெய் விட ஆள் வைக்கிறவர்கள், மனிதனுக்குச் சோறு போட யோசிப்பானேன்?

வாலிபர்கள் ஒன்று செய்து பார்க்க வேண்டும். காயலான் கடையில் பழைய மோட்டார் கிடைக்கும். இரண்டு தகடு, நான்கு ஸ்பிரிங், ஒரு பழைய முரசு போதும். நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை; கரண்டு இருக்கிற நேரம் பார்த்தால் போதும். பெல்ட்டுக்கு மூடி போடுங்கள். எர்த் கம்பியை மறக்காதீர்கள். செய்து முடித்ததும் படிப்பக வாசலில் மூடியில்லாத பெட்டியில், தகடு சுழல்வது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வையுங்கள். மூடி போட்ட பெல்ட் தவிர மற்றதெல்லாம் திறந்திருக்கட்டும். தகட்டைக் கழற்றி வேறு தகடு மாட்டிக் காட்டுங்கள். பெண்பிள்ளைகளையும் கூப்பிட்டு மாட்டச் சொல்லுங்கள்.