நீதிபதிக்கும் ஓட்டு உண்டா?



பொதுத் தேர்தல் சமயத்தில் என் வகுப்பு மாணவன் ஒருவன், "சார், கிள்ளான் கோர்ட்டு ஐயாவுக்கும் அப்பா ஓட்டுப் போடுவாரா?" என்று கேட்டான். பிள்ளைகள் சிரித்தார்கள். கேட்கக்கூடாத கேள்வியா அது? அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 'கவுண்டி' எனப்படும் வட்டாரத்தின் நீதிபதியை மக்களே நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள். பெயர்தான் நீதிபதி, வட்டாரத்தின் வரவு செலவு, சாலை வேலைகளைக் கவனிக்கும் மன்றத்துக்கும் அவரே தலைமை தாங்குகிறார்.

இங்கே அப்படியில்லை. (ஊராட்சித் தேர்தலே நமக்கு 1965இல் நின்றுபோயிற்று. 1952இல் கோலாலம்பூரில் நகராண்மைக் கழகத்துக்கு ஓட்டுப் போட்ட காலம் ஒன்று இருந்தது.) உயர்நீதிமன்றமும் அதற்கு மேலுள்ள நீதிமன்றங்களும் என்றால், பிரதமரின் ஆலோசனைப்படி, ஆட்சியாளர்கள் மன்றத்தைக் கலந்தபின் மாமன்னர் நீதிபதிகளை நியமிக்கிறார். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தகுதியுள்ளவர்களை ஆராய்ந்து சொல்ல ஓர் ஆணையமும் இருக்கிறது.

"நாமே தேர்ந்தெடுத்தால் நல்லதுதானே?" என்று லயத்தில் ஒரு பெரியவர் என்னிடம் வாதாடினார். நான் அவரிடம் கேட்டேன்: "தாத்தா, சம்பளப் பாக்கிக்காக நீங்கள் நிர்வாகத்தின்மேல் வழக்குப் போடுகிறீர்கள். நீதிபதியின் தேர்தல் செலவுக்குப் பணம் கொடுத்தவர் எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வீர்கள்?" அவர் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார்.

ஆனால் நியமன முறையில் மட்டும் நெருக்கடி வராதா? வரும். 1988இல் நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்த துன் சாலே அபாஸ், விசாரணை மன்றம் ஒன்றின் முடிவின்பேரில் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். நீதித்துறையின் சுதந்திரம் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் அந்த ஆண்டு நினைவுக்கு வருகிறது. ஆகவே, யார் நியமிக்கிறார், எப்படி நீக்கலாம் என்ற இரண்டையும் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சம்பளத் தகராறு என்றால், எடுத்தவுடனே கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்கீழ் தொழிலாளர் இலாகாவிலேயே புகார் கொடுக்கலாம். அதிகாரி இரு தரப்பையும் அழைத்து விசாரித்து உத்தரவிடுவார். வழக்கறிஞர் இல்லாமலே நீங்கள் பேசலாம்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, எழுதப் படிக்கத் தெரியாதவர், சம்பளச் சீட்டுகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். விசாரணை நாளில் அந்த டின்னை அப்படியே மேசைமேல் வைத்துத் திறந்தார். மாதவாரியாக அடுக்கிக் கொடுத்தவள் ஆறாம் வகுப்புப் படித்த அவருடைய மகள்.