குளத்து மீனும் கருவாடும்
(கொழும்பில் கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



சிறுபோக அறுவடை முடிந்து குளங்கள் வற்றும் ஆவணி, புரட்டாசி மாதங்களில், ஒரே நாளில் உண்டு தீர்க்கவியலாத அளவு மீன் கிடைப்பதுண்டு. ஆபிரிக்க இனமாகிய திலாப்பியா 1952ஆம் ஆண்டில் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட பின்னர் இம்மிகுதி மேலும் பெருகிற்று. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டிலும் இம்மீனை மாதக்கணக்கிற் காக்கலாம். எஞ்சியதை விற்கவுஞ் செய்யலாம். ஆனால், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கருவாடு வாங்குவோர் முதலில் மணத்தைப் பார்ப்பர். பின்னரே விலை கேட்பர்.

மீன் பழுதாவதற்குக் காரணம் அதன் சதையிலுள்ள நீர். அந்நீரின்றிக் கிருமிகள் பெருகமாட்டா. உப்பு அந்நீரை வெளியே இழுக்கின்றது. மீதியை வெயிலும் காற்றும் உலர்த்துகின்றன. ஆகையால் உப்பு முந்த வேண்டும், வெயில் பிந்த வேண்டும். மீனை வெயிலில் இட்டபின் உப்புத் தூவினால், மேற்புறம் காயும், முள்ளோரம் அழுகும்.

செதிலை நீக்கி, மீனைப் பிளந்து, குடலையும் செவுளையும் அகற்றி, இரத்தம் போகக் கழுவுக. நிறையில் மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு சுத்தமான உப்புப் போதும். மட்பானையில் உப்பும் மீனும் மாறிமாறி அடுக்கி, மேலே பாரம் வைத்து, ஊறும் உப்புநீரில் மீன் மூழ்கியிருக்கச் செய்க. இரண்டு இரவு சென்றபின் எடுத்து, மேலுப்பைக் கழுவி, தரையிலன்றி உயர்ந்த தட்டிமேற் பரப்புக. மாலையிற் பனி படுமுன் உள்ளே எடுத்தல் வேண்டும். கருவாட்டிற் செந்நிறம் படர்ந்தால் அதனை விலக்குக. அது கடலுப்போடு வருகின்ற, உப்பிலேயே வாழுங் கிருமி. பழைய உப்புநீரை மறுமுறை பயன்படுத்தலாகாது.

மழை நாளில் என்ன செய்வது? தென்கரை மக்கள் செய்யும் சாடி முறை அதற்கு ஏற்றது. உப்போடு உலர்ந்த கொறுக்காய்ப்புளியையும் மீனிடையே அடுக்கி, காற்றுப் புகாமல் மூடிவைப்பர். புளிப்பும் உப்புஞ் சேர்ந்து காப்பதால் வெயிலே வேண்டியதில்லை. கடல்மீனாகிய சூரையை வாங்குவோர் ஒன்றை அறிதல் வேண்டும். உப்பிடுமுன் அது வெப்பத்திற் கிடந்தால் உள்ளே உண்டாகும் நஞ்சு, உப்பிட்டாலும் சமைத்தாலும் போகாது. உண்டவருக்கு முகஞ் சிவந்து தலையிடி உண்டாகும்.

இறைச்சியை மெல்லிய கீற்றாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பூசிக் கயிற்றிற் கோத்து உலர்த்துவது நம்மவர் வழக்கம். வேடர் இறைச்சியைத் தேனிலிட்டு மரப்பொந்தில் வைத்ததை 1681இல் வெளிவந்த தமது நூலில் றொபேட் நொக்ஸ் எழுதியுள்ளார். தேனும் உப்பைப் போலவே நீரை இழுப்பது.

இனி, கமக்காரராகிய உங்களுக்கே உரியதொரு பேச்சு. இலையானை ஓட்டுவதற்காகப் பயிருக்கு அடிக்கும் பூச்சிநாசினியைக் கருவாட்டின்மீது தெளிக்கும் கொடுவழக்கம் பல நாடுகளிற் காணப்பட்டது. கத்தரிக்கு அடித்த மருந்து மழையிலும் வெயிலிலும் சிறிது குறையும். அதற்காகவே அறுவடைக்கு முன் நாட்கணக்கு வைக்கின்றோம். கருவாட்டிலோ அது கொழுப்பிற் படிந்து தங்கும். கழுவினும் முற்றாக நீங்காது. வலையால் மூடுதல் ஒன்றே போதும். மருந்துக் கலனில் உப்பிடுவதும், பசளைச் சாக்கிற் கருவாடு கட்டுவதும் கூடா.

சமைக்குமுன் கருவாட்டை நீரில் ஊறவிட்டு, அந்நீரைக் கொட்டிவிடுக. இரத்த அழுத்தம் உடையோருக்கு ஒரு துண்டுக்கு மேல் வேண்டாம்.